பக்கப்பட்டை என்னும் புறவுரை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டால் நன்னூலையோ நாலடியாரையோ எடுத்துக்கொண்டு எதையாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை இணையதளத்தின் பக்கப்பட்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தொலைபேசியில் சிறிது நேரம் பேச்சே இல்லை. “நயினார் சார், நீங்க காகித வியாபாரி ஆச்சே!” என்றார் ஒருவர். உண்மைதான். ஏசியாட் நடந்த 1982ல் தில்லிக்கு வந்து, சாவ்ரி பஜாரில் ரீம் கட்டுச் சுமந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவன் நான். நிரல் எழுதத் தெரியாது. தமிழும் கல்லூரியில் படித்ததல்ல. கடை சாத்திய பிறகு உரைநூல்களை விரித்து வைத்துக்கொண்டு தானாகப் படித்தது. ஆனாலும் சமணத் தமிழ் ஊர்களைப் பற்றி ஒரு சிறு தளத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அதில் பட்ட பாட்டிலிருந்து பிறந்ததே இந்தக் கட்டுரை.

பக்கப்பட்டை என்றால் என்னவென்று மூத்த அன்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரையில் கட்டுரை ஓடும் பெரிய பத்திக்குப் பக்கத்தில், இடத்திலோ வலத்திலோ, ஒரு சிறு பத்தி நிற்கும். தளத்தின் பெயர் விவரம், பொருளடக்கம், தேடும் பெட்டி, மற்றத் தளங்களின் இணைப்புகள் எல்லாம் அதில் இருக்கும். புத்தகத்தில் முகவுரையும் பொருளடக்கமும் செய்கிற வேலையை இணையத்தில் இந்தச் சிறு பத்தி செய்கிறது.

கையால் எழுதிய காலமும் இழுத்துப் போடும் காலமும்

1994ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இலவசமாக இடம் கொடுத்தது. தமிழ்ப் பக்கங்கள் பலவும் அங்கே குடியிருந்தன. அக்காலத்தில் தளம் வைத்தவர்கள் பலர் எச்.டி.எம்.எல். குறிகளைக் கையாலேயே எழுதினார்கள். 1999ல் பிளாக்கர் வந்தது. 2003ல் அதைக் கூகுள் வாங்கியது. எழுதுவது எளிதாயிற்றே தவிர, பக்கப்பட்டையில் ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் வார்ப்புருவைத் திறந்து குறிகளுக்கு நடுவே சரியான இடத்தைத் தேட வேண்டும். ஒரு குறி தவறினால் பக்கமே குலைந்துவிடும். 2004ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியின் கருவிப்பட்டையைத் தங்கள் வலைப்பூவில் பொருத்தியவர்களும் இப்படி வார்ப்புருவுக்குள் கை வைத்துத்தான் பொருத்தினார்கள். எத்தனையோ தமிழர்களுக்கு நிரலோடு முதல் அறிமுகம் அதுதான்.

2006 இறுதியில் பிளாக்கர் புது வடிவுக்கு மாறியது. பெட்டிகளைச் சுட்டியால் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விடலாம் என்று ஆயிற்று. 2007ல் வேர்ட்பிரஸின் மூலப் பொதியிலேயே விட்ஜெட் எனப்படும் சிறு பெட்டிகள் சேர்ந்தன. 2018ல் கட்டுரையையே கட்டங்களாக அடுக்கும் முறை வந்தது. 2022ல் தலைப்பு, அடிப்பகுதி உட்பட முழுத் தளத்தையும் அப்படியே அடுக்கலாம் என்றாகிவிட்டது. “தாத்தா, நீங்க கோடிங் படிக்கவே வேணாம். புடிச்சு இழுத்து விடுங்க, அவ்வளவுதான்” என்றாள் என் பேத்தி. இழுத்தேன், விட்டேன், அமைந்துவிட்டது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பானேன்?

ஆனால் ஒன்று. கடையில் அலமாரியை இடம் மாற்றுவது எளிது. எந்தச் சரக்கை எந்தத் தட்டில் வைப்பது என்பது வேறு வித்தை. கருவி முதல் வேலையைத்தான் எளிதாக்கிற்று.

ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டை

முதலில் கருவியின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். நமக்குக் கிடைக்கும் வார்ப்புருக்களில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வரைந்தவை. ஆங்கிலத்தில் பக்கப்பட்டைத் தலைப்புகளைப் பெரிய எழுத்தில் போட்டால் எடுப்பாக நிற்கும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆகவே அந்தக் கட்டளை நம் எழுத்தில் ஒன்றும் செய்வதில்லை. தலைப்பும் அதன் கீழுள்ள வரியும் ஒரே மாதிரி தெரிகின்றன.

இரண்டாவது, நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்பவை. “வெளியிடப்பட்டிருக்கின்றன” என்ற ஒரு சொல் போதும், குறுகிய பத்தி பிதுங்குவதற்கு. மூன்றாவது, நமக்கு மேலே புள்ளியும் இகரச் சுழியும், கீழே உகரக் கொக்கியும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது. மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும்.

இவற்றுக்கு நிரல் தேவையில்லை. தலைப்புக்குத் தடித்த எழுத்து, பக்கப்பட்டைக்குச் சற்று அகலம், சிறு சிறு சொற்கள், வரிக்கு வரி கொஞ்சம் கூடுதல் இடம். பெரும்பாலான வார்ப்புருக்களில் அமைப்புப் பக்கத்திலேயே இவற்றை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற இடம் கொடுக்காத வார்ப்புரு, எவ்வளவு அழகானாலும், தமிழுக்கு உதவாது.

பவணந்தியார் அளவுகோல்

இனி நம் குறைகளுக்கு வருகிறேன். சங்கத் தளங்கள், கோயில் தளங்கள், ஊர்க்காரர் தளங்கள் என்று நான் பார்த்தவை பல. பக்கப்பட்டையில் என்ன இருக்கிறது? ஓடும் கடிகாரம். வந்தவர் எண்ணிக்கை காட்டும் பெட்டி. கிரிக்கெட் ஓட்ட நிலவரம். வானிலை. ஓடிக்கொண்டே இருக்கும் வாழ்த்து வரி. போன பொங்கலுக்குப் போட்ட அறிவிப்பு. மேலே உள்ள இணைப்புகளே மறுபடி கீழேயும். சும்மா கிடைக்கிறதே என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள். மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்று நன்னூல் எண்ணும் குற்றங்கள் ஒரு கை அகலப் பட்டையில் வரிசையாக நிற்கின்றன.

எங்கள் சமண மரபில் வந்த பவணந்தி முனிவர், சீயகங்கன் கேட்டுக்கொள்ள, 13ஆம் நூற்றாண்டில் நன்னூலைச் செய்தார். பாயிரத்துக்கு அவர் அடுக்கும் பெயர்களில் ‘புறவுரை’ என்பதும் ஒன்று. நூலின் உள்ளே வராத செய்தியை நூலுக்குப் புறத்தே நின்று சொல்வதால் அந்தப் பெயர். பக்கப்பட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா, பாருங்கள்!

சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளையும் அவர் வகுத்திருக்கிறார். செய்தவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைத்த முறை, எடுத்துக்கொண்ட பொருள், கேட்போர் யார், அதனால் என்ன பயன். இந்த எட்டையும் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தமிழ்த் தளத்தையும் திறந்து பாருங்கள். தளத்தின் பெயர் பெரிதாக இருக்கும். நடத்துபவர் யார் என்று இருக்காது. செய்தி எங்கிருந்து வந்தது என்று இருக்காது. யாருக்காக என்பதும் இருக்காது. கடிகாரம் மட்டும் சரியான நேரம் காட்டும்.

நல்ல உதாரணங்களும் உண்டு. முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மிக எளிய தோற்றம் உடையது. ஆனால் ஒவ்வொரு நூலின் மின்பதிப்பிலும் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் முதலியோருக்கு நன்றி கூறியிருப்பதைக் காணலாம். செய்தவர் பெயரும் வந்த வழியும் அங்கே பத்திரம். 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கப்பட்டையில் ‘முதற் பக்கம்’, ‘அண்மைய மாற்றங்கள்’ என்பன போன்ற சுருக்கமான வழிகாட்டிகளே நிற்கும். அந்தப் பட்டையே நட்சத்திரக் குறியிட்ட சில வரிகள் கொண்ட ஒரு பக்கம்தான்; நிருவாகிகள் அதைத் திருத்தினால் பட்டை மாறிவிடும். அங்கே மேன்மை நிரலில் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தீர்மானத்தில் இருக்கிறது.

நான் இழந்த பன்னிரண்டு ஊர்கள்

மற்றவர் குறையை இவ்வளவு சொன்னவன் என் குறையையும் சொல்லத்தான் வேண்டும். நயினார் குடும்பங்கள் ஒரு காலத்தில் வாழ்ந்து, இன்று ஜினாலயமோ ஒரு சிலையோ மட்டும் மிஞ்சியிருக்கிற ஊர்களின் பட்டியல் ஒன்று என் தளத்தில் இருந்தது. வந்தவாசிப் பக்கத்தில் இருந்த என் தாய்மாமன் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதியது. “இன்னிக்கு ரெண்டு ஊரு ஞாபகம் வந்துச்சுடா, எழுதிக்க” என்பார். நான் நேரே தளத்தைத் திறந்து பக்கப்பட்டைப் பெட்டியில் சேர்த்துவிடுவேன். எல்லாரும் உடனே பார்க்கட்டும் என்ற ஆசை. மொத்தம் 31 ஊர்கள்.

மாமா 2019ல் காலமானார். 2021ல், ஊரடங்கில் பொழுது போகாமல், தளத்துக்குப் புது வார்ப்புரு மாட்டினேன். கட்டுரைகள் எல்லாம் அப்படியே இருந்தன. பக்கப்பட்டைப் பெட்டி மட்டும் இல்லை. பழையதற்குத் திரும்பியும் வரவில்லை. படி எடுத்து வைக்கவில்லை. ஆயுள் முழுக்கக் காகிதம் விற்றவன், ஒரு தாளில்கூட அதை அச்செடுத்து வைக்கவில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனம் 1996 முதல் உலகத்து இணையப் பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்து வருகிறது. அதன் சேமிப்பில் என் தளத்தின் 2014ஆம் ஆண்டுப் படி ஒன்று கிடைத்தது. அதில் 19 ஊர்கள். மற்ற 12 மாமாவோடு போயிற்று.

தவறு கருவியுடையது அல்ல. நூலுக்குள் வைக்க வேண்டியதைப் புறவுரையில் வைத்தது என் தவறு. பெட்டியில் போட்டது பெரும்பாலும் வார்ப்புருவைச் சார்ந்தது. கட்டுரையாக எழுதியது அதைச் சாராமல் தனியே நிற்கும். சிலர் என்னைவிட அதிருஷ்டசாலிகள். வேர்ட்பிரஸில் வார்ப்புரு மாறும்போது இடமில்லாமல் போகும் பெட்டிகள் ‘செயலற்றவை’ என்ற பகுதியில் போய்க் கிடப்பதுண்டு. பதறாமல் முதலில் அங்கே தேட வேண்டும். உ.வே. சாமிநாதையரவர்களின் பதிப்புகளைப் பாருங்கள். முகவுரை, அரும்பத அகராதி, பாட பேதம் எல்லாம் நூலோடு சேர்த்துத் தைத்தவை. அட்டை மாற்றினாலும் அவை போகா.

அன்பர்களுக்குச் சில யோசனைகள்

வார்ப்புருவில் கை வைக்கும் முன் அதைப் படி எடுத்துக்கொள்ளுங்கள்; பிளாக்கரில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. பக்கப்பட்டையில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் ஒரு தாளில் எழுதி, எட்டில் எதற்கு இது உதவுகிறது என்று கேளுங்கள். எதற்கும் உதவாததை எடுத்துவிடுங்கள். முக்கியமான பட்டியலைத் தனிப் பக்கமாக எழுதி, பட்டையில் அதற்கு ஓர் இணைப்பு மட்டும் கொடுங்கள். பிறகு கைப்பேசியில் திறந்து பாருங்கள். அகலத்துக்கேற்ப வளையும் வடிவமைப்பு 2010க்குப் பின் பரவியதிலிருந்து, கைப்பேசியில் பக்கப்பட்டை பெரும்பாலும் கட்டுரைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே வரை உருட்டிப் பார்ப்பவர் சிலரே. ஆகவே உங்கள் பெயரையும் தளத்தின் நோக்கத்தையும் மேலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஜியோசிட்டீஸை 1999ல் யாகூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. இடம் கொடுப்பவர் ஒருநாள் கடையைக் கட்டலாம். ஆகவே ஆண்டுக்கொரு முறையாவது எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். காகித வியாபாரி சொல்கிறானே என்று சிரிக்கலாம். 12 ஊர்களின் பெயரைத் தொலைத்தவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

மிஞ்சிய 19 ஊர்களும் இப்போது என் தளத்தில் தனிக் கட்டுரையாக இருக்கின்றன. பட்டையில் அதற்கு ஒரே ஒரு வரி. மற்ற ஊர்களை அறிந்த பெரியவர்கள் யாராவது தில்லியில் இருந்தால், சங்க விழாவில் என்னைப் பார்க்கும்போது சொல்லுங்கள். இந்த முறை முதலில் தாளில் எழுதிக்கொள்கிறேன்.