எண்ணிக்கையை நம்பிய நோயறிதல்

லினக்ஸ் கெர்னலில் 2024இல் சேர்ந்த ஒரு சிறிய வசதிக்குச் சர்வர் நிர்வாகிகளிடையே அதன் தகுதியை மீறிய பெயர் கிடைத்திருக்கிறது. ஒரு சிபியு சாஃப்ட் லாக்கப்பில் மாட்டினால், அதாவது மற்ற வேலைகளுக்கு இடம் தராமல் நீண்ட நேரம் சிக்கிக் கிடந்தால், நான்கு நொடி கொண்ட கடைசி ஐந்து சுற்றுகளில் அது எதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டது என்ற விழுக்காட்டை இந்த வசதி லாகில் எழுதும். ஹார்டு இன்டரப்ட்டுகள் பாதி நேரத்துக்கு மேல் விழுங்கியிருந்தால், மிக அதிகமுறை வந்த ஐந்து இன்டரப்ட்டுகளையும் வரிசைப்படுத்திக் கொடுக்கும். அவ்வளவுதான், இன்டரப்ட் புயலின் மூலத்தைத் தேடும் தலைவலி தீர்ந்தது என்கிறார்கள். முதலிடத்தில் இருப்பதைப் பார்ப்பது, அது எந்தச் சாதனத்துடையது என்று கண்டுபிடிப்பது, டிரைவரை எழுதியவர் மேல் புகார் போடுவது என்பதே இன்று வழிமுறையாகிவிட்டது. இந்த வழிமுறை பல வேளைகளில் தவறான சாதனத்தைத்தான் கைகாட்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பிருந்த நிலை படுமோசம். இயல்பு அமைப்பில் 20 நொடிகள் ஒரு சிபியுவில் காவல் வேலைக்கு இடம் கிடைக்காவிட்டால், அது 22 அல்லது 23 நொடிகளாகச் சிக்கிக் கிடக்கிறது என்று கெர்னல் அறிவிக்கும். கூடவே அந்தக் கணத்தில் அங்கே இருந்த ப்ராசஸின் பெயரும் ஸ்டாக் ட்ரேஸும் வரும். இன்டரப்ட் புயலில் அந்த ட்ரேஸ் பாதிக்கப்பட்டவனுடையது. புயலைக் கிளப்பிய ஹேண்ட்லர், காவல் டைமர் எட்டிப்பார்ப்பதற்குள் தன் வேலையை முடித்துத் திரும்பியிருக்கும், ஸ்டாக்கில் அதன் சுவடே இராது. செய்யாத குற்றத்துக்கு எத்தனையோ டேட்டாபேஸ் ப்ராசஸ்கள் பழி சுமந்திருக்கின்றன. இன்டரப்ட்டுகளைக்கூட ஏற்காமல் சிபியு உறைவதைப் பிடிக்கும் ஹார்டு லாக்கப் கண்காணிப்பும் இங்கே உதவாது. டைமர் இன்டரப்ட் இடையிடையே நுழைந்துகொண்டிருப்பதால் அதன் கணக்கில் சிபியு நலமாகவே இருக்கிறது. விழுக்காட்டு வரிகள் இந்த இடத்தில் பெரிய உதவி. நூறு விழுக்காடு ஹார்டு இன்டரப்ட் என்று நான்கு நொடிக்கு ஒரு வரி சொல்லும்போது ட்ரேஸை ஒதுக்கிவைக்கலாம் என்ற தெளிவு பிறக்கிறது. இந்த முதல் பாதியில் எனக்குக் குறையே இல்லை.

குறை இரண்டாம் பாதியில். முதல் பாதி நேரத்தை அளக்கிறது. இரண்டாம் பாதியோ எத்தனை முறை வந்தது என்று எண்ணுகிறது. நோய் நேரத்தில் இருக்கிறது, பட்டியல் எண்ணிக்கையில் இருக்கிறது. வங்கிக் கவுன்ட்டரில் வரிசை நகரவில்லை என்றால், யார் அதிகமுறை வந்தார்கள் என்று கேட்டுப் பயனில்லை, யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்றுதான் கேட்கவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நொடிச் சுற்றில் நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட் 80,000 முறை வருகிறது, ஒவ்வொன்றும் 2 மைக்ரோநொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.16 நொடி, அதாவது 4 விழுக்காடு. வேறொரு சாதனத்தின் இன்டரப்ட் 700 முறைதான் வருகிறது. ஆனால் அதன் ஹேண்ட்லர், பதில் தராத ஒரு ரெஜிஸ்டரைச் சுற்றிச் சுற்றிப் படித்து ஒவ்வொரு முறையும் 5 மில்லிநொடி இழுக்கிறது. மொத்தம் 3.5 நொடி, 87.5 விழுக்காடு. சிபியுவை மூச்சுமுட்ட வைத்தது இரண்டாவது. பட்டியலில் முதலிடம் முதலாவதற்கு. எழுநூறைத் தாண்டிய இன்னும் நான்கு எளிய இன்டரப்ட்டுகள் அந்தச் சிபியுவுக்கு வந்துகொண்டிருந்தால் குற்றவாளியின் பெயர் பட்டியலிலேயே இராது. அதைப் படிக்கும் நிர்வாகி நெட்வொர்க் கார்டை மாற்றுவார், டிரைவரைப் புதுப்பிப்பார், வரிசைகளைக் குறைப்பார். லாக்கப் மட்டும் போகாது.

எண்ணிப் பார்க்கும் இந்தப் பழக்கம் வந்த வழியும் தெரிந்ததுதான். பழைய பிசிஐ கணினிகளில் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொண்டன. ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் இன்டரப்ட் ஓயாமல் அடிக்கும். அதற்காகவே கெர்னல், ஒரு லட்சம் இன்டரப்ட்டுகளில் 99,900க்கு மேல் யாருமே தம்முடையது என்று ஏற்காவிட்டால் அந்தக் கம்பியை முடக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு இன்டரப்ட்டும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் எடுப்பதால் எண்ணிக்கையே நேரத்துக்கு நிகர். இன்றைய புயல்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. ஹேண்ட்லர் இன்டரப்ட்டைத் தன்னுடையது என்று முறையாக ஏற்றுக்கொண்டே சிபியுவைத் தின்கிறது.

எண்ணுவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் செலவு பற்றியது. ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் நேரம் அளந்தால் கெர்னல் மெதுவாகும், எண்ணிக்கையோ ஏற்கெனவே கையில் இருக்கிறது என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நிற்காது. இந்த வசதி, இன்டரப்ட் நேரக் கணக்கு வைக்கும் அமைப்பு இல்லாமல் கட்டப்படவே முடியாது. அந்த அமைப்பு ஒவ்வொரு ஹார்டு இன்டரப்ட்டின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் கடிகாரத்தைப் படிக்கிறது. விழுக்காடு வருவதே அதிலிருந்துதான். ஆகவே அளக்கும் செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது. அளந்த நேரத்தை எந்த இன்டரப்ட்டின் பெயரில் எழுதுவது என்ற ஒரு கூட்டல்தான் பாக்கி. அதற்கு நினைவகம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. எண்ணிக்கைக்காகவே ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் ஒவ்வொரு சிபியுவுக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்ட பிறகு, அதே அட்டவணையில் இன்னொரு பத்தி வைப்பதற்குத் தயங்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பட்டியலின் கண்ணுக்கே படாத இன்டரப்ட்டுகளும் இருக்கின்றன. நேரத்துக்குப் பதில் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட இது கடுமையான குறை. இந்த வசதி, கெர்னலில் முறையாகப் பதிவாகி எண் பெற்ற இன்டரப்ட்டுகளை மட்டுமே எண்ணுகிறது. எக்ஸ்86 கணினிகளில் ஒரு சிபியு இன்னொன்றுக்கு அனுப்பும் இன்டரப்ட்டுகள், உதாரணமாக ஒரு ஃபங்ஷனை இயக்கச் சொல்பவை, அந்தப் பதிவேட்டில் இல்லை. லோக்கல் டைமரும் இல்லை. இன்டரப்ட் எண்ணிக்கைகளைக் கெர்னல் காட்டும் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால் அவை அடியில் தனித் தொகுதியாக வருவதை நிர்வாகிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஹைப்பர்-வி மேல் ஓடும் எக்ஸ்86 மெஷின்களில் விஎம்பஸ் சாதனங்களின் அழைப்புகள் எல்லாம் ஒரே வெக்டர் வழியாக வருகின்றன, அதுவும் பதிவேட்டுக்கு வெளியே. இவற்றில் ஒன்று புயலானால் விழுக்காட்டு வரி நூறு என்று சரியாகச் சொல்லும். அடுத்து வரும் பட்டியல் ஒன்றுமறியாத ஐந்து சாதனங்களை நீட்டும். படிப்பவருக்கு இந்த இடைவெளி பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூட லாகில் இல்லை.

சாஃப்ட் இன்டரப்ட்டுகளின் கதை வேறு. நெட்வொர்க் பாக்கெட்டுகள் வெள்ளமாக வரும்போது கணினி இன்டரப்ட்டுகளிலேயே மூழ்கி, உருப்படியான வேலை எதையும் முடிக்காமல் போவதை மோகல், ராமகிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள் 1996லேயே விளக்கிவிட்டார்கள். அதற்கு லினக்ஸ் கண்ட விடை என்ஏபிஐ. முதல் இன்டரப்ட் வந்ததும் கார்டின் வாயை அடைத்துவிட்டு, மிச்சத்தைச் சாஃப்ட் இன்டரப்ட்டில் தானே போய் எடுத்துவரும். அங்கே சுமை எவ்வளவு ஏறினாலும் ஹார்டு இன்டரப்ட் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். பாதி நேரம் என்ற வரம்பு ஹார்டு இன்டரப்ட்டுக்கு மட்டும் என்பதால் பட்டியலே வராது.

பட்டியல் சரியான எண்ணைக் காட்டும்போதுகூட அது நோயைச் சொல்கிறதா? 2019இல் என்விஎம்இ டிரைவ்கள் தொடர்பாக மிங் லெய் முதலிய கெர்னல் டெவலப்பர்கள் விவாதித்த சாஃப்ட் லாக்கப்புகளை நினைத்துப் பாருங்கள். பல சிபியுக்கள் ஒரே வரிசைக்குப் படிப்பு, எழுத்துக் கோரிக்கைகளை அனுப்புகின்றன. முடிந்தவற்றை வாங்கி ஒப்படைக்கும் வேலை முழுக்க ஒரு சிபியுவின் தலையில். ஒரு டிரைவ் என்றால் சமாளிக்கும். பல டிரைவ்களின் வரிசைகள் அதே சிபியுவில் வந்து விழுந்தால் அது எழுந்திருக்க முடியாது. இங்கே பட்டியல் என்விஎம்இ எண்களையே காட்டும், அது சரிதான். ஆனால் டிரைவ் பழுதாகவில்லை, ஹேண்ட்லரிலும் பிழை இல்லை. வேலையைப் பங்கிட்ட விதத்தில்தான் பிழை. அந்தப் பங்கீட்டைக் கெர்னலே வைத்துக்கொண்டிருப்பதால் நிர்வாகி கையால் மாற்றவும் முடியாது. எந்த சிபியுக்கள் இந்த வேலையை உற்பத்தி செய்தன என்பதுதான் அப்போது தேவைப்பட்ட தகவல். அதை இந்த அறிக்கை கேட்பதே இல்லை.

பெரிய சர்வர்களில் இந்த வசதி இயல்பாகவே இருக்கும் என்றும் நம்பவேண்டாம். 128 சிபியுக்கள் வரை கட்டப்படும் கெர்னலுக்குத்தான் அது இயல்பில் இயங்கும். ரெட் ஹாட் போன்ற விநியோகங்களின் எக்ஸ்86 கெர்னல்கள் 8192 சிபியு வரை தாங்கும்படி கட்டப்படுகின்றன. யாராவது வேண்டுமென்றே இயக்கினால் உண்டு, இல்லையேல் இல்லை.

நேரத்தை அளக்கக் கருவி இல்லாமலும் இல்லை. இன்டரப்ட் ஹேண்ட்லரின் தொடக்கத்திலும் முடிவிலும் ட்ரேஸ்பாயின்ட்டுகள் நெடுங்காலமாக இருக்கின்றன. அவற்றின் மேல் பிரெண்டன் கிரெக் எழுதிய ஹார்டுஐஆர்க்யூஸ் என்ற பிபிஎஃப் கருவி நேரத்தைத்தான் இயல்பில் காட்டுகிறது, எண்ணிக்கை வேண்டுமென்றால் தனியாகக் கேட்கவேண்டும். முதன்மை எது, துணை எது என்று அந்த வடிவமைப்பு சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது. 5.14 பதிப்பில் வந்த ஆஸ்நாய்ஸ் ட்ரேசர், ஒவ்வொரு இன்டரப்ட்டும் சிபியுவிலிருந்து எவ்வளவு நேரம் பிடுங்கியது என்று தனித்தனியாகப் பதிவு செய்கிறது. இவற்றை முன்கூட்டியே ஓடவிட வேண்டும், லாக்கப் தானாக வரும் நேரத்தில் கைவசம் இருக்காது என்ற குறை உண்டு. அதனால்தான் அளவீடு லாக்கப் அறிக்கைக்குள்ளேயே வரவேண்டும் என்கிறேன்.

அதுவரை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஐந்து வரிகளை வைத்து மட்டும் யார் டிரைவர் மேலும் புகார் எழுதாதீர்கள். இன்டரப்ட்ஸ் கோப்பில் லாக்கப் வந்த சிபியுவின் பத்தியை அடிப்பகுதியோடு சேர்த்து, சில நொடி இடைவெளியில் இரண்டு முறை சேமியுங்கள். கணினி மறுபடி பூட் ஆனால் எண்கள் மாறிவிடக்கூடும் என்பதால் எண்ணோடு சாதனத்தின் பெயரையும் எழுதிவையுங்கள். ஹேண்ட்லர் நேரத்தை ஒருமுறையாவது அளந்து எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். அந்தப் பெருக்குத்தொகை விழுக்காட்டு வரியோடு ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் பிடித்திருப்பது வேறு ஆளை.