தோசையா, படியா, தாள்துண்டா?

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. ஆகவே 2/5 என்று எழுதும் பிள்ளை எந்த வகுப்பிலும் உண்டு. 1978இல் அமெரிக்க தேசியக் கல்வி மதிப்பீட்டில், 12/13ஐயும் 7/8ஐயும் கூட்டினால் தோராயமாக எவ்வளவு என்று கேட்டார்கள். 2 என்று சரியாகச் சொன்ன 13 வயதினர் 24 விழுக்காடுதான். 19, 21 என்ற விடைகள் ஒவ்வொன்றையும் அதைவிட அதிகம் பேர் தேர்ந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிச் சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது; 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. கணக்குக் கற்பிக்க, பிள்ளை கையில் எடுத்துப் பழகும் பொருள் வேண்டுமா என்ற வழக்கு இவற்றோடு தீர்ந்துவிட்டது. எது வேண்டும் என்பதே மிச்சம். அதற்கு என் உரைகல் ஒன்றுதான்: ஆசிரியர் வாய் திறக்காமலே, தவறான விடையைத் தவறென்று காட்டும் வலு அந்தப் பொருளுக்கு இருக்கிறதா?

முதலில் வட்டம். தோசை, சப்பாத்தி, வட்ட அட்டை எல்லாம் இந்த வகை. பாதி, கால் என்று அறிமுகம் செய்ய நன்று. ஆனால் ஐந்து சமபங்கு வெட்டச் சொன்னால் பெரியவர்களுக்கே கை தடுமாறும். அதைவிடப் பெரிய கோளாறு: இரண்டு தோசையை நான்கு நான்காக வெட்டி ஐந்து துண்டு எடுத்தால் 5/4 ஆக வேண்டும். மொத்தம் எட்டுத் துண்டைப் பார்க்கும் பிள்ளை 5/8 என்கிறது. ‘முழுசு’ எது என்பதைத் தோசை சொல்வதில்லை.

அடுத்து அளவை. சாமை விளையும் ஜவ்வாது மலையடியில் இருக்கும் போளூர் போன்ற ஊர்களுக்குப் படியும் உழக்கும் அந்நியமல்ல. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஐந்து உழக்குச் சாமையைக் கொட்டினால் படி நிரம்பி ஓர் உழக்கு மிஞ்சும். 5/8 என்ற பேச்சுக்கே இடமில்லை. திண்ணைப் பள்ளிகள் எண்சுவடியோடு, தானிய அளவை வாய்ப்பாடான நெல்லிலக்கத்தையும் மனப்பாடம் செய்வித்தது இந்தப் புழக்கத்தை நம்பித்தான். குறை என்ன? இந்த வரிசை பாதி பாதியாகவே இறங்குகிறது. மூன்றில் ஒன்றுக்கும் ஐந்தில் ஒன்றுக்கும் இதில் பாத்திரமில்லை. தலைதட்டி அளக்காவிட்டால் உழக்கும் உழக்காக இராது.

மூன்றாவது, ஒரே நீளத் தாள்துண்டுகள். மூன்றாக, ஐந்தாக மடிப்பது கடினம் என்பார்கள். கோடு போட்ட நோட்டின் மேல் துண்டைச் சாய்த்து, ஒரு முனை ஒரு கோட்டிலும் மறுமுனை அதற்கு அடுத்த கோட்டிலிருந்து எண்ணினால் ஐந்தாவதாக வரும் கோட்டிலும் படும்படி வையுங்கள். இடைக்கோடுகள் அதை ஐந்து சமமாகப் பிரித்துவிடும். இப்போது 12 செ.மீ. துண்டில் அரை 6 செ.மீ., மூன்றில் ஒன்று 4 செ.மீ.; இரண்டையும் ஒட்டினால் 10. ஆனால் 2/5 என்பது 4.8தான். கூட்டிய பிறகு, கையிலிருந்த அரையைவிடக் குறைந்துபோயிற்றே! பிள்ளை தானே நிமிர்ந்து பார்க்கும். துண்டுகளைச் சுவரோரம் வரிசையாக ஒட்டினால் அதுவே எண்கோடு. 5/4 ஒன்றைத் தாண்டி நிற்கும். பின்னம் கற்பிக்க எண்கோட்டையே முதன்மைக் கருவியாக்கச் சொல்கிறது அமெரிக்கக் கல்வித்துறையின் 2010 வழிகாட்டி.

தாள்துண்டும் எல்லாம் வல்லதல்ல. அரையில் மூன்றில் ஒன்று என்ற பெருக்கலுக்குச் சதுரத் தாளை இருபக்கமும் மடித்தால்தான் துலங்கும். ஆசிரியர் ‘முதலில் ஊகம் சொல், பிறகு அளந்து பார்’ என்று கேட்காவிட்டால் அதுவும் வெறும் கைவேலை.

ஆகவே என் தீர்ப்பு: வட்டத்துக்கு ஒரு வகுப்பு போதும். அளவைக்கு இரண்டு மூன்று, குறிப்பாக ஒன்றைத் தாண்டும் பின்னத்துக்கு. மீதிப் பாடமெல்லாம் தாள்துண்டுக்கு. செலவு பழைய காகிதமும் ஒரு கத்தரியும். ஓராசிரியர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் மலைப்பள்ளிக்கும் இது கட்டுப்படியாகும்.