சார்பு வரைபடங்களும் இணையவழிப் பயிற்சி வினாக்களும்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வு எழுதும் மாணவர் ஒரு வரைபடத்தையாவது கையால் வரைந்தாக வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண்ணில் வரைபட வினாவுக்கு 8, செய்முறை வடிவியலுக்கு 8. தேர்ச்சிக்கு 35 போதும் என்பதால் இந்த 16 மதிப்பெண் அதில் ஏறத்தாழப் பாதி. கணக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளைக்கும் ஆசிரியர்கள் முதலில் பழக்குவது இவ்விரண்டையும்தான். மதுரை நகரப் பள்ளிக்கும், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

அதே பிள்ளை இன்று கைப்பேசியிலும் வரைபடப் பயிற்சி செய்கிறது. திரையில் கேள்வி வருகிறது, விடையைத் தொட்டால் சரியா தவறா என்று உடனே தெரிகிறது. இந்த வினாக்கள் உண்மையில் எதைக் கற்பிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பின்னணி

2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் முதுநிலை ஆய்வுக்காக உருவாக்கிய ஜியோஜீப்ரா, வரைபடத்தையும் சமன்பாட்டையும் ஒரே திரையில் இணைத்தது. 2011இல் டெஸ்மோஸ் வந்தது. தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் பதினொன்றாம் வகுப்புக்கு 2018இலும், பத்தாம் வகுப்புக்கு 2019இலும் நடைமுறைக்கு வந்தபோது, கணித நூல்களின் பாட இறுதியில் இணையச் செயல்பாடு என்ற பகுதி சேர்ந்தது. க்யூஆர் குறியீட்டைப் படம்பிடித்தால் ஜியோஜீப்ரா பக்கம் திறக்கும். பாடநூலிலேயே இதற்கு இடம் கொடுத்தது பாராட்டத்தக்க முடிவு.

நன்மை எங்கே?

கையால் ஒரு பரவளையம் வரைய அட்டவணை போட வேண்டும், அளவுத்திட்டம் எடுக்க வேண்டும், புள்ளிகளைக் குறித்து இணைக்க வேண்டும். ஒரு பாடவேளையில் இரண்டு வரைவதே பெரிது. திரையில் ஸ்லைடரை நகர்த்தினால் ஒரு நிமிடத்தில் இருபது பரவளையங்களைப் பார்க்கலாம். எக்ஸ் வர்க்கத்தின் கெழு எதிர்க்குறி ஆனதும் வளைவு கவிழ்வதையும், மாறிலியைக் கூட்டினால் வளைவு மேலே ஏறுவதையும் கண்ணால் காணலாம். பதினொன்றாம் வகுப்பில் வரும் உருமாற்றப் பாடத்துக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

குறை எங்கே?

முதல் குறை, பெரும்பாலான பயிற்சி வினாக்கள் நான்கு படங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. தேர்வு கேட்பது வரைவதை. படத்தை அடையாளம் காண்பதும் படத்தை உருவாக்குவதும் வேறு வேறு திறன்கள். தோசையைப் பார்த்ததும் தோசை என்று சொல்லத் தெரிந்தவருக்கு மாவு கரைக்கத் தெரியும் என்று பொருளில்லை.

பாடநூல் முறைப்படி ஓர் எடுத்துக்காட்டு. எக்ஸ் வர்க்கத்திலிருந்து 4 கழித்தால் வரும் சார்பை வரைய வேண்டும். அதைக்கொண்டு, எக்ஸ் வர்க்கம் கழித்தல் எக்ஸ் கழித்தல் 6 சமம் 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். இரண்டையும் கழித்தால் எக்ஸ் கூட்டல் 2 என்ற நேர்க்கோடு கிடைக்கும். அது பரவளையத்தை வெட்டும் இடங்களில் எக்ஸின் மதிப்புகள் 3, –2. எதற்காகக் கழித்தோம், வெட்டும் புள்ளி ஏன் தீர்வாகிறது என்பதே இந்தக் கணக்கின் உயிர். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் மாணவர், இரண்டு எண்களையும் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தே விடையைக் கண்டுவிடுவார்; வரைபடம் தேவையே இல்லை.

இரண்டாவது குறை, தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது. மேற்கண்ட சார்பில் –3இன் வர்க்கத்தை –9 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு 5 வர வேண்டிய இடத்தில் –13 வரும். வளைவு இடப்பக்கம் ஏறாமல் கீழே இறங்கிப் போகும். தாளைப் பார்த்த ஆசிரியர் ஒரு நொடியில் காரணத்தைச் சொல்லிவிடுவார். –13 என்ற எண்ணைக் கண்டதும், ‘–3ஐ –3ஆல் பெருக்கிப் பார்’ என்று கணினியும் சொல்ல முடியும். அதை எழுதிவைக்க, பிள்ளைகள் எப்படித் தவறுகிறார்கள் என்று தெரிந்த ஆசிரியர் வேண்டும். வினா தயாரிப்பில் மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இந்த உழைப்புதான்.

மூன்றாவது, ஸ்லைடர் காட்டுகிறதே தவிர விளக்குவதில்லை. எக்ஸிலிருந்து 2ஐக் கழித்து வர்க்கப்படுத்தினால் வளைவு வலப்பக்கம் நகரும். கழித்தால் இடப்பக்கம்தானே போக வேண்டும் என்பது பிள்ளையின் நியாயமான சந்தேகம். முன்பு எக்ஸ் 0 ஆனபோது கிடைத்த மதிப்பு, இப்போது எக்ஸ் 2 ஆனால்தான் கிடைக்கும், அதனால் வலப்பக்கம். ‘நகர்த்தும் முன் எந்தப் பக்கம் போகும் என்று எழுது’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் இந்தச் சந்தேகம் வெளியே வந்திருக்கும்.

நம் ஊர் வரைபடங்கள்

நாட்டிங்காம் ஷெல் மையத்தில் மால்கம் ஸ்வானும் குழுவினரும் 1985இல் வெளியிட்ட வரைபடப் பாடத்தொகுப்பு, ஒரு நிகழ்வைச் சொல்லி அதன் வரைபடத்தை வரையவும், வரைபடத்தைப் பார்த்து நிகழ்வைச் சொல்லவும் பழக்கியது. கணினி இல்லாமலே செய்யக்கூடிய வேலை அது. மதுரையில் இதற்குப் பொருள் தேட வேண்டியதில்லை. வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. அன்றாட நீர்மட்டம் நாளிதழில் வருகிறது. நாளை எக்ஸ் அச்சிலும் மட்டத்தை ஒய் அச்சிலும் குறித்தால், ஒவ்வொரு நாளுக்கும் ஒரே அளவு. எனவே அது சார்பு. நீர் ஏறும்போது ஒரு நாள் 60 அடி, இறங்கும்போது இன்னொரு நாள் 60 அடி என்றால், கிடைமட்டக் கோடு இரண்டு இடத்தில் வெட்டும். எனவே அது ஒன்றுக்கொன்றான சார்பு அல்ல. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பேருந்தின் தூர–நேர வரைபடத்தில் கிடைமட்டமாக வரும் துண்டைப் பார்த்து, ‘பஸ் சமதரையில் போகிறது’ என்று சொல்லும் பிள்ளை வரைபடத்தைச் சித்திரமாகப் படிக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறது என்பதே சரியான விடை. இந்தக் குழப்பத்தை வெளிக்கொணரும் வினாவே நல்ல வினா.

என்ன செய்யலாம்?

பயிற்சிப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். மாணவர் புள்ளியைத் தானே குறிக்கிறாரா? தவறுக்கு ஏற்ற குறிப்பு வருகிறதா? படத்தைக் கொடுத்துச் சார்பைக் கேட்கும் தலைகீழ் வினா உண்டா? பாடநூலின் தமிழ்ச் சொற்கள் திரையிலும் உள்ளனவா? கடைசிக் கேள்வி சிறியதல்ல. வகுப்பில் பரவளையம் என்று படித்த பிள்ளை, திரையில் ஆங்கிலப் பெயரைக் கண்டு இது வேறு பாடமோ என்று தயங்குகிறது.

இன்னொன்று, வேலைக்குப் போன அப்பா இரவு வீடு திரும்பிய பிறகே பல வீடுகளில் கைப்பேசி பிள்ளையின் கைக்கு வரும். அந்தச் சிறிய திரையில் புள்ளியை நகர்த்தினால் விரலே புள்ளியை மறைக்கும். ஆகவே வரைபடத்தாளில் முதலில் வரைந்து, பிறகு திரையில் சரிபார்ப்பதே இப்போதைக்கு உகந்த வரிசை. வரிசை மாறினால், இணையத்தில் எல்லாம் சரி என்று பச்சை நிறம் பார்த்த பிள்ளை, தேர்வறையில் அளவுத்திட்டம் எடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அங்கே போவது 8 மதிப்பெண். சிலருக்கு அதுவே தேர்ச்சி.