அளப்பதும் விடுபடுவதும்: முகாமைத்துவ ஆய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

முகாமைத்துவ ஆய்வுகளில் மூன்று வினாக்கள் முதன்மை பெறுகின்றன. மனிதர் எவ்வாறு தீர்மானம் எடுக்கின்றனர்? நிறுவனமொன்றின் வினைத்திறனை எவ்வாறு அளப்பது? வர்த்தகப் பெயரொன்று நுகர்வோர் மனத்தில் எத்தகைய எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றது? இவை தனித்தனியே வளர்ந்த துறைகளாயினும் இவற்றுக்குப் பொதுவான சிக்கல் ஒன்றுண்டு. எதனை அளப்பது என்பது அளவீடு தொடங்குமுன்னரே முடிவு செய்யப்பட்டுவிடுகின்றது.

ஹேர்பேட் சைமன் 1947 இல் வெளியிட்ட 'நிருவாக நடத்தை' என்னும் நூல் இவ்வகையில் முக்கியமானது. அனைத்தையும் அறிந்து மிகச் சிறந்ததையே தெரிவுசெய்யும் 'பொருளியல் மனிதன்' என்ற கற்பிதத்தை அது கேள்விக்குட்படுத்திற்று. மனிதனின் அறிவும் கணிக்கும் ஆற்றலும் வரையறைக்குட்பட்டவை. ஆதலின் போதுமானதெனத் தோன்றுவதை ஏற்று அவன் அமைகின்றான் என்ற கருத்தை அவர் 1950களில் மேலும் விரித்துரைத்தார். 1978 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்நூல் வினைத்திறனையும் ஆராய்கின்றது. உள்ள வளங்களைக் கொண்டு கூடிய பயன் பெறுதலே வினைத்திறன். ஆனால் எது பயன் என்பதை அது கூறாது. அது விழுமியஞ் சார்ந்த முடிபு.

சைமனுடன் கார்னெகி தொழில்நுட்ப நிறுவகத்திற் பணியாற்றியவர் வில்லியம் கூப்பர். அவரும் சார்ண்ஸ், ரோட்ஸ் ஆகியோரும் 1978 இல் வினைத்திறனை அளக்கும் முறையொன்றை முன்வைத்தனர். பல உள்ளீடுகளையும் பல வெளியீடுகளையும் விலை மதிப்பின்றியே ஒப்பிட இம்முறை உதவிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு மிகச் சாதகமான நிறைகளைக் கொண்டே மதிப்பிடப்படும். வறிய பிள்ளைகளுக்கென அமெரிக்கப் பாடசாலைகளில் நடைபெற்ற திட்டமொன்றை ஆராய்ந்தபோது, வாசிப்பு, கணிதம் ஆகியவற்றோடு பிள்ளையின் தன்மதிப்பும் ஒரு வெளியீடாகக் கொள்ளப்பட்டமை பாராட்டுக்குரியது.

எனினும் இம்முறை தரும் மதிப்பு ஒப்பீட்டு மதிப்பேயாகும். எல்லாப் பாடசாலைகளும் தாழ்ந்திருப்பினும் அவற்றுட் சில முழு வினைத்திறன் உடையனவாகத் தோன்றும். காரணிகளின் தொகை கூடுந்தோறும் அவ்வாறு தோன்றுவனவும் பெருகும். பட்டியலிற் சேராத பயனோ கணிப்பில் இடம்பெறுவதேயில்லை.

நுகர்வோர் ஆய்விலும் இதே குறைபாட்டைக் காணலாம். கொக்கா கோலா நிறுவனம் ஏறத்தாழ 200,000 சுவைச் சோதனைகளை நடத்தி, புதிய சுவையே விரும்பப்படுகிறதெனக் கண்டு, 1985 ஏப்பிரல் 23 ஆந் திகதி பழைய பானத்துக்குப் பதிலாகப் புதியதை அறிமுகஞ் செய்தது. எதிர்ப்பு வலுத்தது. 79 நாட்களின் பின், யூலை 11 இல், பழையது மீண்டும் வருமென அறிவிக்க நேர்ந்தது. சோதனைகள் பிழையாகக் கணிக்கப்படவில்லை. நாவின் விருப்பத்தை அவை சரியாகவே அளந்தன. பழையது இல்லாமற் போனால் நுகர்வோர் அதனை எவ்வாறு கொள்வர் என்பதே போதியளவு ஆராயப்படவில்லை.

பானமொன்றின் விடயத்தில் நேர்ந்த தவற்றை வாங்குவோரே திருத்தினர். பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் இன்று இத்தகைய எண்களால் மதிப்பிடப்படுகின்றன. அங்கு அளவீட்டில் விடுபட்டதன் இழப்பைத் தாங்குவோர் மாணவரும் நோயாளருமே. கொள்வனவை நிறுத்தித் தம் எதிர்ப்பைக் காட்டும் வாய்ப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. ஆகவே இத்துறை ஆய்வாளர் தம் பெறுபேறுகளுடன் எவற்றை அளவாமல் விட்டனர், ஏன் விட்டனர், அத்தெரிவில் யாருடைய கருத்துக் கேட்கப்பட்டது என்பனவற்றையும் கூறக் கடமைப்பட்டுள்ளனர். கணித நுட்பம் எத்துணை சிறந்ததாயினும் இவ்வினாக்களுக்கு விடையாகாது.