திரைமொழிச் சொற்களும் நம் சங்கத்துப் பள்ளிகளும்

நம் திரைப்படச் சங்கத்தின் மலருக்காகத் திரைப்பட ரசனையின் பள்ளிகளைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். எழுதத் தகுந்த மூத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் சங்கத்தின் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை.

ஷாட் எது, சீன் எது என்று நம் உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குலெஷோவின் படத்தொகுப்புச் சோதனையில் வரும் மாறாத முகத்தையும் சூப்புக் கிண்ணத்தையும் எத்தனை முறை விவாதித்திருப்போம்! இரண்டு ஷாட்டுகள் மோதினால் இரண்டிலும் இல்லாத பொருள் ஒன்று பிறக்கும் என்ற ஐசன்ஸ்டைனின் மாண்டேஜ் பள்ளிக்கு நம்மிடம் எப்போதும் ஆள்பலம் உண்டு. ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925) படத்தின் ஒடெஸ்ஸா படிக்கட்டு ஓடும்போது தொழிற்சங்கத் தோழர்கள் மூச்சு விடமாட்டார்கள். எதிர்வரிசை ஆந்த்ரே பாசானுடையது. வெட்டாமல் விடு, அருகில் இருப்பவனும் தூரத்தில் இருப்பவனும் ஒரே சட்டகத்தில் தெளிவாகத் தெரியட்டும், எதைப் பார்ப்பது என்பதைப் பார்ப்பவனே முடிவு செய்யட்டும் என்பது அவர் கட்சி. கா. சிவத்தம்பி, தியடோர் பாஸ்கரன், எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆகியோரின் சமூக வாசிப்பு தனி வழி. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

நான் பாசான் வரிசைக்காரன். அதற்குக் காரணம் எங்கள் ஐயா. பெயர் போட வேண்டாம் என்பது அவர் விருப்பம், உறுப்பினர்களுக்குத் தெரியும். நம் ஊர்ச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்துகொண்டே விடுப்புப் போட்டுப் பூனா போய், சதீஷ் பகதூரிடம் ரசனை வகுப்புப் படித்து வந்தவர். ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாடம் நடத்திய பகதூரின் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தார். 1947இல் கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் தொடங்கிய ரே, அவர் படத்தைப் பாடமாக்கிய பகதூர், அவரிடம் படித்த ஐயா, ஐயாவிடம் படித்த நாம். இந்த வரிசையை நான் பெருமையோடு சொல்லிக்கொள்வேன்.

ஐயா பலகையில் எழுதிப் பாடம் நடத்தியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சுரங்கத்தின் விளிம்புக்கு அழைத்துப் போனார். நின்ற இடத்திலேயே கழுத்தை இடமிருந்து வலமாகத் திருப்பச் சொன்னார். “இது பேன்.” கையிலிருந்த பைனாகுலரில் தூரத்து வாளிச் சக்கர எந்திரத்தைப் பார்க்கச் சொன்னார். “இது ஜூம். எந்திரம், அதன் பின்னால் உள்ள மண்மேடு எல்லாம் ஒன்றாகப் பெரிதாகின்றன. நீ நகரவில்லை.” பிறகு கன்வேயரை ஒட்டி நடக்கவிட்டார். அருகிலிருந்த கம்பங்கள் எங்களைக் கடந்து பின்னால் போயின. தூரத்து எந்திரம் மெல்லத்தான் வளர்ந்தது. “இது ட்ராலி. நீ அந்த உலகத்துக்குள் போகிறாய்.” அன்றைக்குப் பிறகு ஜூமையும் ட்ராலியையும் குழப்பிக்கொண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை.

அப்போது நம்மிடம் 16 எம்.எம். புரொஜெக்டர் ஒன்றுதான். முக்கால் மணி நேரத்துக்கொரு முறை ரீல் மாற்ற விளக்கைப் போடுவார்கள். அந்த இடைவெளியில் ஐயா கேட்பார்: “கடைசி ஷாட்டில் கதவு எந்தப் பக்கம் இருந்தது?” பதில் தெரியாமல் நான் தலைகுனிந்த நாள்கள் பல. ‘மிஸ்-ஆன்-சேன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை அவர் ‘சட்டகத்தில் வைப்பு’ என்பார். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில், பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியே வரும் காட்சிக்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் பேசினார். சுவர், வெளிச்சம், கிழவரின் கை. வேறொன்றும் தேவையில்லை என்பார்.

இன்று நல்ல படங்கள் வருகின்றன, திறமையான இளைஞர்கள் எடுக்கிறார்கள். யாரையும் குறிப்பிட்டுக் குறை சொல்லவில்லை. ஆனால் சொற்கள் கெட்டுவிட்டன. ஐசன்ஸ்டைன் வாழ்நாள் முழுக்கச் சிந்தித்த மாண்டேஜ், வாயசைப்பில்லாத பாட்டுக்குப் பெயராகிவிட்டது. தோளுக்கு மேலாக எடுப்பதைப் படப்பிடிப்பில் ‘சஜஷன்’ என்கிறார்கள். தொழிலாளர் சொல், அதற்கு மரியாதை உண்டு. விமர்சகர் என்று வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசியவர் ‘லாங் ஷாட்’டையும் ‘லாங் டேக்’கையும் ஒன்றென்றே முக்கால் மணி நேரம் பேசினார், அரங்கில் ஒருவரும் எழுந்து கேட்கவில்லை. ஒன்று தூரம், ஒன்று நேரம்! இது சின்னத் தவறு என்பவர்களுக்குச் சொல்கிறேன்: அளவுச் சொல் தவறினால் சுரங்கத்தில் மண் சரியும். தூரத்தையும் நேரத்தையும் பிரித்தறியாதவர் பாசானை எப்படிப் படிப்பார்? சொற்களோடு பார்வையும் கெட்டுவிட்டது. படங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் கைபேசியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘மெதுவாகப் போகிறது’ என்று தீர்ப்பும் எழுதுகிறார்கள். 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு நம் சுரங்கத்துக்கு வந்தபோது ஊரே திரண்டது. கேமராவை எங்கே வைத்தார்கள் என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஐயா கட்டிய பார்வை ஒரு தலைமுறைக்குள் கரைந்துபோனதை எண்ணி இரவில் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு திரையிடலுக்கு முன்பும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அன்றைய படத்திலிருந்து ஒரே ஒரு காட்சியை ஒலி இல்லாமல் ஓட்டுங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டு, கதவு எந்தப் பக்கம் இருந்தது என்று புதிய உறுப்பினர் ஒருவரைக் கேளுங்கள்.