கைப்பிடியோடு முடியும் பாடம்

பொதுச் சுகாதாரம் என்பது மருத்துவர்கள் மட்டுமே பயில வேண்டிய மேற்படிப்பு என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1916ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப் பள்ளியை நிறுவியபோதும், பட்டம் பெற்றபின் பயில வருவோரையே அது மனத்திற்கொண்டிருந்தது. பின்னர் நிலைமை மாறியது. பல நாடுகளில் இன்று பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் நேரே இத்துறையில் இளநிலைப் பட்டம் பெறலாம். இளநிலை மாணவர் அனைவருக்குமே இக்கல்வி கிடைக்க வழி செய்யவேண்டும் என்று 2003ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கையொன்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 'சமுதாய மருத்துவம்' என்ற பெயரில் இதனைப் பயில்கின்றனர்.

இப்படிப்பை நீங்கள் எங்குத் தொடங்கினாலும் முதல் வாரத்திலேயே ஒரு கதையைக் கேட்பீர்கள். 1854ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தோரின் வீடுகளைப் படத்தில் புள்ளிகளாகக் குறித்தார். புள்ளிகள் பிராட் தெருவிலிருந்த கைப்பம்பைச் சுற்றிக் குவிந்தன. அவர் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். கொள்ளைநோய் நின்றது. வகுப்பறையில் சொல்லப்படும் கதை இவ்வளவுதான்.

கதை சுவையானது, மாணவர் மனத்தில் எளிதில் பதிவது. நோய் தீய காற்றால் வருகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், நுண்கிருமியைக் கண்ணால் காணாமலேயே அது நீர்வழி வருவதை ஒருவர் நிறுவினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு துறையின் வாயிற்படியில் வைக்கத்தக்க பாடமா இது? அதனை நாம் சற்றுக் கடுமையாகவே ஆராய வேண்டியுள்ளது.

முதலில் நாட்களைப் பாருங்கள். பின்னர் உயிரிழந்தவர்களுள் செப்டம்பர் 1ஆம் நாள் நோய் கண்டவர்கள் 143 பேர். 4ஆம் நாள் இத்தொகை 46. கைப்பிடி கழற்றப்பட்டது 8ஆம் நாள். அன்று புதிதாக நோய் கண்டு பின்னர் இறந்தவர்கள் 12 பேர் மட்டுமே. அதாவது, கைப்பிடியைத் தொடுவதற்கு முன்பே நோய் வெகுவாகத் தணிந்துவிட்டது. மக்களில் பலர் ஊரைவிட்டு ஓடியதும் இதற்கு ஒரு காரணம் என்று ஸ்நோவே எழுதியிருக்கிறார். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பது இத்துறையின் அடிப்படை விதி. அவ்விதியைக் கற்பிக்க வந்த கதையே அவ்விதியை மீறுகிறது!

இரண்டாவது, அந்தப் படம். ஸ்நோ படத்தைப் பார்த்து உண்மையைக் கண்டறிந்தார் என்பது சரியன்று. படம் அச்சானது நோய் அடங்கிய பின்னரே. அவர் முதலில் சென்றது இறப்புப் பதிவு அலுவலகத்திற்கு. அங்குக் கிடைத்த பட்டியலில் 83 இறப்புகள் இருந்தன. அவற்றுள் பத்து மட்டுமே வேறொரு பம்புக்கு அருகிலிருந்த வீடுகளில் நேர்ந்தவை. அந்தப் பத்தையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. வீடுவீடாகச் சென்று விசாரித்தார். ஐந்து குடும்பத்தினர் பிராட் தெரு நீரையே விரும்பி எடுத்து வந்தனர். இன்னும் மூவர், அப்பம்பின் அருகிலிருந்த பள்ளிக்குச் சென்ற சிறுவர்கள். தம் கருத்துக்கு மாறாகத் தோன்றியவற்றைத் தேடிச் சென்றதுதான் அவருடைய ஆற்றல்.

நோய் வராதவர்களையும் அவர் எண்ணினார். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வாழ்ந்தனர். காலராவால் இறந்தவர்கள் ஐவரே. விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் பீர் தயாரிக்கும் தொழிற்சாலையில் 70க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர், ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் அந்தப் பம்பை நாடவே இல்லை. இறந்தோரை எண்ணுவது எளிது. பிழைத்தோரையும் எண்ணிப் பார்ப்பவரே இத்துறை அறிஞர். புள்ளிகளை மட்டும் காட்டும் ஆசிரியர் பாடத்தின் பாதியை மறைத்துவிடுகிறார்.

மூன்றாவது குறை, இது தனியொரு வீரரின் கதையாக்கப்பட்டது. அப்பகுதியின் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் ஸ்நோவின் கருத்தை மறுக்கவே புறப்பட்டவர். ஆனால் தாமே தெருவெங்கும் விசாரித்தபின் உடன்பட்டார். நோயின் தொடக்கத்தையும் கண்டுபிடித்தார்: பம்பை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தை நோயுற்றிருந்தது, அதன் துணிகளைக் கசக்கிய நீர் கிணற்றை அடுத்திருந்த கழிவுக் குழியில் கொட்டப்பட்டது. குழியைத் தோண்டிப் பார்த்தபோது செங்கற் சுவர் சிதைந்து, கழிவு கிணற்றுக்குள் கசிந்தது தெரியவந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அக்குழந்தையின் தந்தை நோயுற்றது செப்டம்பர் 8ஆம் நாள், கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். ஆகவே கைப்பிடி பழைய அலையை நிறுத்தாவிட்டாலும், புதிய அலை எழாமல் தடுத்திருக்கக்கூடும். உண்மை, கதையைவிட நுட்பமானது. மாணவர் அறியவேண்டுவது அந்த நுட்பத்தையே.

அப்படியானால் முதற்பாடமாக எதனை வைப்பது? வேறெங்கும் தேட வேண்டாம். அதே ஸ்நோ, அதே ஆண்டில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் செய்த ஆய்வே போதும். அங்கு லாம்பெத், சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் என்ற இரு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு நீர் வழங்கின. லாம்பெத் நிறுவனம் 1852ஆம் ஆண்டிலேயே நகரின் சாக்கடை கலவாத மேற்பகுதிக்குச் சென்று நீர் எடுக்கத் தொடங்கியது. மற்றது நகருக்குள்ளேயே எடுத்தது. வாடகைக்கு இருந்தோர் பலருக்குத் தம் வீட்டு நீர் யாருடையது என்பதே தெரியாது. ஸ்நோ அந்நீரில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து உப்பின் அளவைச் சோதித்து, எந்த நிறுவனத்து நீர் என்று கண்டார். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடிய சோதனை இது.

முதல் ஏழு வாரங்களின் கணக்கு இது. சதர்க் அண்ட் வாக்ஸ்ஹால் நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள். லாம்பெத் நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 இறப்புகள். பத்தாயிரம் வீடுகளுக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்: முன்னதில் 315, பின்னதில் 37. ஏழை, செல்வர் என்ற வேறுபாடோ காற்றின் வேறுபாடோ இங்கு இல்லை. நீர் ஒன்றே வேறு. இறப்புகளை வெறுமனே கூட்டாமல், எத்தனை வீடுகளுக்கு எத்தனை என்று வகுத்து ஒப்பிடுவதே கொள்ளைநோயியலின் இதயம். இதில் ஒரே நாளில் வென்ற வீரர் இல்லை. அதனால்தான் போலும் இதற்கு வகுப்பில் இரண்டாம் இடமே கிடைக்கிறது.

இவ்வாய்வு தற்செயலாக வாய்த்ததும் அன்று. தேம்ஸ் ஆற்றில் கடலலை ஏறும் பகுதியிலிருந்து வீட்டு உபயோகத்திற்கு நீர் எடுக்கலாகாது என்று 1852ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, நிறுவனங்களுக்கு 1855 வரை தவணை தந்தது. ஒரு நிறுவனம் முந்திக்கொண்டது, மற்றது தாமதித்தது. அத்தாமதத்தின் விலையைத்தான் மேற்கண்ட எண்கள் சொல்கின்றன. ஆகவே பொதுச் சுகாதாரம் பயில்வோர் கிருமியோடு சட்டத்தையும், கணக்கோடு நிருவாகத்தையும் கற்றாக வேண்டும். சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. நம் மாணவர்க்கு அதுவும் பாடமாக வேண்டிய ஒன்று.

இவ்வளவு சான்றையும் கண்டபின் உலகம் உடனே ஒப்புக்கொண்டதா? இல்லை. 1855ஆம் ஆண்டில் அரசின் சுகாதாரக் குழுவினர் ஸ்நோவின் முடிவை ஏற்க மறுத்தனர். அவர் 1858இல் மறைந்தார். புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் 1866ஆம் ஆண்டில் கிழக்கு லண்டனில் பரவிய காலராவை ஆராய்ந்து, நீரே காரணம் என்று வற்புறுத்தினார். ஆய்வு முடிவதும் மக்கள் காக்கப்படுவதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை என்பதை இளம் மாணவர் தொடக்கத்திலேயே அறிவது நல்லது. அறியாதோர், தாம் கண்ட உண்மை ஏற்கப்படாத முதல் நாளிலேயே சோர்ந்துவிடுவர்.

கைப்பிடிக் கதையைப் பாடநூலிலிருந்து நீக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. அதனை முழுமையாகச் சொல்லவேண்டும் என்பதே வேண்டுகோள். மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் ஆசிரியர் இக்கதையைச் சொல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: கைப்பிடியைக் கழற்றுமுன் நோயின் அளவு என்ன? நோய் வராதவர்கள் எந்த நீரைக் குடித்தனர்? எத்தனை பேருக்கு எத்தனை பேர்? இம்மூன்றும் தடுப்பூசி பற்றிய வதந்திக்கும் பொருந்தும். புதிய மருந்தின் விளம்பரத்திற்கும் பொருந்தும். இவற்றைக் கேட்கத் தெரிந்தவரே பட்டத்திற்குத் தகுதி உடையவர்.