எழுமாற்று எண்ணும் மூடிய பெட்டியும்: எக்செல் விரிதாள் பற்றிய ஒரு நோக்கு

விரிதாளின் கட்டமொன்றில் தோன்றும் எழுமாற்று எண்ணை ஐயுறுவோர் மிகச் சிலரே. குடும்பப் பட்டியலினின்று மாதிரி தெரியும் சமூகவியல் மாணவரும், பரிசோதனைப் பாத்திகளைப் பகிரும் விவசாய ஆய்வாளரும் அவ்வெண்ணை நம்பியே தம் முடிபுகளுக்கு அடித்தளமிடுகின்றனர். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் யாது என்பதே ஈண்டு எமது வினா.

கணனி நிரல் தருவது உண்மையில் எழுமாற்று எண்ணன்று. தொடக்க எண்ணொன்றைப் பெருக்கி, வகுத்து, மீதியைப் பெற்று, அம்மீதியினின்று அடுத்ததை ஆக்கும் கணிப்பே அது. கணிப்பு செம்மையற்றதாயின் எண்களிடையே மறைவான ஒழுங்கு புகுந்துவிடும். 1960களில் ஐ.பி.எம். கணனிகளின் வழியே பரவிய 'றண்டு' என்னும் முறை இதற்குத் தக்க சான்று. முந்திய எண்ணை 65539 ஆற் பெருக்கி, இரண்டின் 31 ஆம் வலுவால் வகுத்த மீதியே அதில் அடுத்த எண். தனித்தனியே நோக்கின் குறை தெரியாது. மும்மூன்றாகச் சேர்த்துச் சதுரமுகியினுள் புள்ளிகளாகக் குறித்தாலோ, அவையாவும் 15 சமாந்தரத் தளங்களிலேயே படிந்து கிடக்கும். இத்தகைய படிவு இவ்வகைப் பெருக்கல் முறைகளுக்குப் பொதுவானதென 1968 இல் ஜோர்ஜ் மார்சாக்லியா நிறுவினார்; றண்டுவில் அது பொறுக்கவொண்ணா அளவினதாயிருந்தது.

எக்செலின் கதை வேறு வகையானது. 2003 க்கு முந்திய பதிப்புகளின் முறை நியமச் சோதனைகளுக்குப் போதாதது என்பதை மைக்குறோசொஃப்ற் கம்பனியே ஒப்புக்கொண்டது. அதற்கு மாற்றாக அது தெரிந்தெடுத்தது, பிறையன் விச்மன், டேவிட் ஹில் ஆகிய இருவரும் 1982 இல் வெளியிட்ட முறையை. மூன்று முழுவெண்களை முறையே 171, 172, 170 ஆற் பெருக்கி, 30269, 30307, 30323 ஆல் வகுத்து மீதிகளைப் பெறுதல். ஒவ்வொரு மீதியையும் அதனதன் வகுஎண்ணாற் பிரித்துக் கூட்டுதல். கூட்டுத்தொகையின் பின்னப் பகுதியை மட்டும் கொள்ளுதல். இவ்வளவே. பன்னிரண்டு வரிகளுள் அடங்கும் இக்கணிப்பை முதலாண்டு மாணவரிடம் கொடுப்பினும் மாலைக்குள் முடித்துத் தருவார். ஆயின் எக்செல் 2003, பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் நிற்கவேண்டிய இடத்தில் மறை எண்களையும் தந்தது. திருத்தம் வெளியாயிற்று. 2008 இல் மக்கலோ என்னும் ஆய்வாளர், திருத்தப்பெற்ற 2003 பதிப்பிலும் 2007 பதிப்பிலும் உள்ளது யாதாயினும் அது விச்மன்-ஹில் முறையன்று என எடுத்துக்காட்டினார்.

சிறு மாதிரி தெரிவோருக்கு இதனாற் பெருந்தீங்கில்லை என்பர். ஐம்பது குடும்பங்களைத் தெரிவதற்கு இது பொருந்தலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால் எமது முறைப்பாடு எண்களின் தரம் பற்றியது மாத்திரமன்று. எவரும் வாசித்துப் பயன்கொள்ளுமாறு அறிஞர் இருவர் பகிரங்கப்படுத்திய முறையொன்று, தனியுடைமை நிரலொன்றின் மூடிய பெட்டிக்குள் சென்று வேறொன்றாகி, பழைய பெயரோடே விலைப்பட்டது. பெட்டியைத் திறக்கும் உரிமை வாங்கியவருக்கில்லை. வெளியே உதிர்ந்த எண்களைக் கொண்டே உள்ளிருப்பதை உய்த்துணரவேண்டிய நிலை ஆய்வாளருக்கு நேர்ந்தது. அறிவை உற்பத்திசெய்வோருக்கும் கருவியை உடைமையாகக் கொண்டோருக்கும் இடையிலான உறவு இதனினும் தெளிவாக வெளிப்படுதல் அரிது.

2010 பதிப்பில் எக்செல், மற்சுமொற்றோ, நிஷிமுரா ஆகியோர் 1998 இல் வெளியிட்ட மேர்சென் ருவிஸ்ரர் முறைக்கு மாறிற்று. முறை சிறந்ததே. எனினும் அதன் 'றாண்ட்' சார்புக்குத் தொடக்க எண்ணை நாமே கொடுத்தல் இன்றும் இயலாது. தாளில் ஏதேனுமொரு கட்டத்தைத் திருத்தினாலும் எண்கள் யாவும் புதிதாகிவிடும். இன்ன மாதிரி எழுமாறாகவே தெரியப்பட்டது என்று மாணவர் எழுதினால், பரிசோதகர் அதை அவர் வாக்கின்பேரில் ஏற்பதன்றி வேறு வழியில்லை. விருப்பமான பட்டியல் வரும்வரை எண்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தாரா என்பதை யார் அறிவார்? இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மொழி இதே மேர்சென் முறையைக் கையாள்வது. அதன் மூலநிரல் எவரும் வாசிக்கக்கூடியது. தொடக்க எண்ணைக் குறித்துவைத்தால் அதே பதிப்பைக் கொண்டு மற்றொருவர் அதே மாதிரியை மீளப் பெறலாம். ஆய்வேட்டில் அவ்வெண்ணையும் பதிப்பையும் குறிக்க ஒரு வரி போதும்.